வேடத்துக்குப் பின்னால் யார்? ‘உண்மையான நான்’ பற்றி நாம் செய்யும் தவறுகள்

கோபத்தில் கத்திவிட்டு மறுநாள் மன்னிப்புக் கேட்கும்போது “அது நான் இல்லை” என்கிறோம். அதே காரியத்தை இன்னொருவர் செய்தால் “இப்பதான் அவனோட உண்மையான முகம் தெரிஞ்சுது” என்கிறோம். தனக்கொரு நியாயம், ஊருக்கொரு நியாயம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: ஆளுக்குள்ளே ஆழத்தில் அசல் ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அப்பா, மருமகள், மேனேஜர், வாடிக்கையாளர் என்று வெளியே நடமாடுவதெல்லாம் அவர் போட்டுக்கொள்ளும் வேடம்.

இதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அப்படியே நம்பினால் மனிதர்களை எடைபோடுவதில் திரும்பத் திரும்பச் சறுக்குவோம். இதைத் திருத்த வந்த ஆய்வுகளில் சிலவும் ஊரெல்லாம் தப்பாகவே பரவியிருக்கின்றன.

“வெளியே நடிப்பு, வீட்டுக்குள்ளேதான் நிஜம்”

1949-ல் எர்விங் காஃப்மன் என்ற சமூகவியல் மாணவர் ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளுக்குப் போனார். அங்கே அவர் கூர்ந்து கவனித்த இடங்களில் ஒன்று ஒரு சின்ன ஹோட்டல். சாப்பாட்டுக் கூடத்தில் விருந்தினர்முன் ஒரு நடை, ஒரு பேச்சு. சமையலறைக்குள் போனதும் எல்லாமே வேறு. இரண்டுக்கும் நடுவில் இருந்த கதவு அங்கே ஓயாத தகராறு. தட்டுகளோடு போய்வர வசதியாகக் கதவு திறந்தே இருக்கட்டும் என்பார்கள் பணிப்பெண்கள். சமையலறையில் நடப்பது விருந்தினர் கண்ணில் பட்டால் மானம் போகும் என்று மூடச் சொல்வார்கள் நடத்துபவர்கள். சமூக வாழ்க்கையில் மேடை ஒன்று, மேடைக்குப் பின்புறம் ஒன்று என்று 1956-ல் அவர் எழுதியது இத்தகைய கவனிப்புகளிலிருந்து வந்ததுதான்.

அதைப் படித்தவர்கள் பலரும் எடுத்துக்கொண்ட பாடம், “மேடையில் பொய், பின்புறத்தில் உண்மை.” காஃப்மன் சொன்னது அதுவல்ல. சமையலறையிலும் பார்க்க ஆள் இருக்கிறது, கூட வேலை செய்கிறவர்கள். அவர்கள் முன்னால் அலட்சியமாக இருந்து காட்டுவதும், விருந்தினரைக் கேலி செய்வதும் அந்த இடம் எதிர்பார்க்கும் நடத்தைதான். அங்கே போய் விறைப்பாக நின்றால் “ரொம்பப் பண்றான்” என்று பேர் வரும்.

நம் ஊரில் இதற்குத் தாய்வீடு போதும். புகுந்த வீட்டில் ஐந்து மணிக்கு எழும் பெண், தாய்வீட்டுக்கு வந்தால் ஒன்பது மணிவரை பாயைச் சுருட்டுவதில்லை. “இங்கே வந்தாத்தான் என் பொண்ணு பொண்ணா இருக்கா” என்று அம்மா பூரிப்பார். ஆனால் அதே பெண்தான் அங்கே நடக்கும் பாதிச் சண்டையை அம்மாவிடம் சொல்லாமல் மறைக்கிறாள், கேட்டால் “எல்லாம் நல்லா இருக்காங்க” என்று சிரிக்கிறாள். கவலையில்லாத மகளாக இருப்பதும் ஒரு பொறுப்புதான். அதற்கும் உழைப்பு வேண்டும். அப்படியானால் அவள் எங்கேதான் அவளாக இருக்கிறாள்? இரண்டு வீட்டிலும்தான் என்பது என் பதில். விடிகாலையில் எழுவதும் அவள் செய்ததே, மறைத்ததும் அவள் செய்ததே.

“குடித்தால் உண்மை வெளியே வந்துவிடும்”

இதை நம்பி எத்தனை நட்புகள் முறிந்திருக்கும்! போதை மூடியைக் கழற்றுகிறது, உள்ளே இருப்பது தானாகக் கொட்டுகிறது என்று நினைக்கிறோம். அமெரிக்க ஆய்வாளர்கள் கிரெய்க் மக்ஆண்ட்ரூ, ராபர்ட் எட்ஜர்டன் இருவரும் பல சமூகங்களின் குடிப்பழக்கத்தை ஒப்பிட்டு 1969-ல் எழுதினார்கள். சில இடங்களில் குடித்தவர்கள் அடிதடியில் இறங்குகிறார்கள், சில இடங்களில் அமைதியாகிவிடுகிறார்கள். போதையில் எப்படி நடக்க வேண்டும் என்பதைக்கூட ஊர்தான் கற்றுக்கொடுக்கிறது என்பது அவர்கள் வாதம். 2017-ல் வெளிவந்த வேறொரு அமெரிக்க ஆய்வில், குடித்தவர்கள் தங்கள் குணம் பல வகையில் மாறியதாகச் சொன்னார்கள். வெளியாட்கள் பார்த்து மதிப்பிட்டபோது, கலகலப்பு கூடியது ஒன்றுதான் தெளிவாகத் தெரிந்தது.

கோபமும் அப்படித்தான். கோபத்தில் வரும் சொல் கோபத்தில் இருக்கும் ஆளின் சொல். நிதானமாக இருக்கும்போது அவர் பத்து வருடமாகச் சொல்லிவந்ததைவிட அதற்கு ஏன் கூடுதல் மதிப்பு? வலித்தது என்பதால் மட்டும்தான்.

“பதவி கொடுத்தால் எவனும் அப்படித்தான் ஆவான்”

இது எதிர்ப்பக்கத் தவறு. உள்ளே ஆளே இல்லை, நாற்காலிதான் ஆளை ஆக்குகிறது என்பது. இதற்குச் சாட்சியாக எல்லாரும் இழுப்பது ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையை. 1971 ஆகஸ்டில் பிலிப் சிம்பார்டோ என்ற உளவியலாளர், நாளுக்கு 15 டாலர் கூலிக்கு இளைஞர்களைச் சேர்த்து, பல்கலைக்கழகக் கட்டடத்தின் அடித்தளத்தில் பொய்ச் சிறை ஒன்றை அமைத்தார். யார் காவலர், யார் கைதி என்பது குலுக்கல் முறையில் முடிவானது. இரண்டு வாரம் நடக்க வேண்டியது, காவலர்களின் கொடுமையால் 6 நாளில் நின்றது. சாதாரணப் பையன்கள் சீருடை போட்டதும் மிருகமானார்கள் என்பதுதான் பாடப்புத்தகங்கள் சொன்ன கதை.

அப்புறம்தான் உள்விவகாரங்கள் வெளிவந்தன. காவலர்கள் தாமாக அப்படி ஆகவில்லை. கைதிகளை எப்படி நடத்த வேண்டும், எப்படி அதிகாரமற்றவர்களாக உணரவைக்க வேண்டும் என்று முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. போதிய கடுமை காட்டாத ஒரு காவலரை, சிறை அதிகாரியாக இருந்தவர் தனியே அழைத்து இன்னும் கடுமையாக இருக்கச் சொல்வது ஒலிப்பதிவிலேயே இருக்கிறது. பிரெஞ்சு ஆய்வாளர் திபோ லெ தெக்சியே ஆவணக் காப்பகத்தைத் துருவி இதையெல்லாம் விரிவாக எழுதினார். மிகக் கொடூரமாக நடந்துகொண்ட காவலர், ஒரு சினிமாப் பாத்திரத்தை மனதில் வைத்துத் திட்டமிட்டே நடித்ததாகப் பின்னால் சொன்னார். அந்தச் சிறையிலேயே கைதிகளுக்குச் சின்னச் சின்ன உதவிகள் செய்த காவலர்களும் இருந்தார்கள். இது சிம்பார்டோவின் சொந்த விவரிப்பிலேயே இருக்கிறது. மேற்கோள் காட்டுகிறவர்கள்தான் தாண்டிப்போய்விடுகிறார்கள்.

பிரிட்டனில் அலெக்ஸ் ஹாஸ்லம், ஸ்டீவ் ரைக்கர் இருவரும் பிபிசியோடு சேர்ந்து இதே மாதிரி ஒரு சிறையை அமைத்தார்கள். 2002-ல் அது ஒளிபரப்பானது. அங்கே காவலர்களுக்கு அதிகாரத்தைக் கையில் எடுக்கவே சங்கடம். கைதிகள் ஒன்றுசேர்ந்து அந்த ஏற்பாட்டையே கவிழ்த்தார்கள். சீருடை அதே சீருடைதான். அதை அணிந்தவர் “இது என்னுடையது” என்று ஏற்றுக்கொண்டாரா, ஏற்கச் சொல்லி யாராவது தூண்டினார்களா என்பது கணக்கில் வருகிறது. லஞ்சம் வாங்கிய அதிகாரிக்காக “சிஸ்டமே அப்படி சார்” என்று பரிந்து பேசும்போது, அதே அலுவலகத்தில் அடுத்த மேசையில் வாங்காதவர் ஒருவர் உட்கார்ந்திருப்பது கண்ணில் படுவதில்லை.

“ஆளுக்கு ஆள் மாறுகிறவனை நம்ப முடியாது”

என் பார்வையில் இதுதான் பெரிய தவறு, நிறையப் பேர் செய்வதும் இதுதான்.

1968-ல் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் தன் துறையையே உலுக்கிய ஒன்றைச் சொன்னார். ஒரு சூழலில் ஒருவர் எப்படி நடந்தார் என்பதைப் பார்த்து, வேறொரு சூழலில் எப்படி நடப்பார் என்று கணித்தால் அது பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. இரண்டுக்கும் உள்ள தொடர்பை எண்ணால் அளந்தால் 0.3-ஐத் தாண்டுவதே அரிது. முழுத் தொடர்பு என்றால் 1. சரி, அப்போ குணம் என்று ஒன்றே கிடையாதா? பல வருடம் அப்படித்தான் சண்டை போட்டார்கள். ஒரே ஒரு சம்பவத்தை வைத்துப் பார்க்காமல், பல நாள் நடத்தையைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் நிலையாகத் தெரிகிறது என்று மறுதரப்பு காட்டியது.

மிஷெலே பின்னால் யூயிச்சி ஷோடாவோடும் மற்றவர்களோடும் சேர்ந்து கண்டது அதைவிடச் சுவையானது. நியூ ஹாம்ப்ஷயரில் சிறுவர்களுக்கான ஒரு கோடை முகாமில் மணிக்கணக்காக அவர்களைக் கவனித்துக் குறித்தார்கள். சராசரியில் ஒரே அளவு முரடான இரண்டு பையன்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் கூட்டாளிகள் சீண்டினால் பாய்வான், பெரியவர்கள் கண்டித்தால் அடங்கிப்போவான். இன்னொருவன் நேர்மாறு: பையன்களின் கிண்டலைக் கண்டுகொள்ளவே மாட்டான், பெரியவர் ஒருவர் எச்சரித்தால் வெடிப்பான். வாரங்கள் கடந்தும் அவரவர் பாணி பெரிய அளவில் மாறவில்லை. அவன் மாறுகிறான், ஆனால் எங்கே, எதற்கு, எப்படி மாறுகிறான் என்பது மாறவில்லை.

‘உண்மையான நான்’ என்று ஒன்றைத் தேடியே ஆக வேண்டுமென்றால் இங்கேதான் தேட வேண்டும் என்று நினைக்கிறேன். வேடங்களுக்கு அடியில் இல்லை, ஒரு வேடத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர் மாறும் விதத்தில்.

இதற்கு நடைமுறைப் பயன் உண்டு. மாப்பிள்ளை விசாரிக்கப் போகிறோம். “பையன் எப்படி?” என்று கேட்கிறோம். “தங்கமான பையன்” என்று பதில் வருகிறது. கேட்டவருக்கும் நிம்மதி, சொன்னவருக்கும் வேலை முடிந்தது, ஆனால் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை. கிரிக்கெட்டில் தோற்றால் என்ன செய்வான், ஆர்டரை மாற்றிக் கொண்டுவந்த சர்வரிடம் எப்படிப் பேசுவான், தங்கச்சி எதிர்த்துப் பேசினால் என்ன ஆகும், கையில் காசில்லாத மாதத்தில் யாரிடம் எரிந்து விழுவான் என்று கேளுங்கள். வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன். “நீங்கள் பொறுமைசாலியா?” என்ற கேள்விக்கு “இல்லை” என்று யாராவது சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா?

“அடிப்படையில் அவன் நல்லவன்தான்”

சேர்க்கை சரியில்லை, கெட்ட நேரம், மற்றபடி தங்கம். அம்மாக்களின் இந்த வசனத்தை ஆய்வுக்கூடத்திலும் கேட்கலாம். ஜார்ஜ் நியூமன், பால் புளூம், ஜோஷுவா நோப் மூவரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வுகளில், ஒருவர் கெட்டவராக இருந்து நல்லவராக மாறினால் “அவருடைய அசல் வெளிப்பட்டது” என்றும், நல்லவர் கெட்டுப்போனால் “தன்னையே தொலைத்துவிட்டார்” என்றும் மக்கள் சொல்ல முனைந்தார்கள். எது நல்லது என்பதிலோ அவரவர் அரசியல் சார்பு தெரிந்தது. தன்பால் ஈர்ப்பும் அதை ஏற்காத மத நம்பிக்கையும் ஒருசேரக் கொண்ட ஒருவரைப் பற்றிக் கேட்டால், முற்போக்குச் சார்புள்ளவர்கள் ஈர்ப்புதான் அசல் என்றார்கள், பழமைச் சார்புள்ளவர்கள் நம்பிக்கைதான் அசல் என்றார்கள். “உன் உண்மையான சுயம் இதுதான்” என்று ஒருவர் உங்களிடம் சொன்னால், நீங்கள் எப்படி இருக்க வேண்டுமென்று அவர் விரும்புகிறார் என்பதும் அதற்குள் இருக்கும்.

இதையொட்டி நீனா ஸ்ட்ரோமிங்கர், ஷான் நிக்கல்ஸ் 2015-ல் செய்த ஆய்வு மனதை விட்டுப் போகாதது. மூளை நோயாளிகளைப் பராமரிக்கும் குடும்பத்தாரிடம் “இவர் இன்னும் அதே ஆள்தானா?” என்ற வகையில் கேட்டார்கள். நினைவு போனால் ஆள் போனார் என்று நாம் நினைப்போம். ஆனால் நினைவு தேயும் அல்சைமரைவிட, மற்றவர்மீதான பரிவும் ஒழுங்கும் குலையும் முன்மூளைத் தேய்வு நோயில்தான் “இது அவர் இல்லை” என்ற உணர்வு அதிகமாக இருந்தது. பேர் மறந்தாலும் கையைப் பிடித்துக்கொள்ளும் அப்பா, குடும்பத்துக்கு அப்பாவாகவே இருக்கிறார்.

“நம்மவர்களுக்குத் தனி ‘நான்’ கிடையாது”

மேற்கத்தியர் தனிமனிதர், ஆசியர் உறவுகளால் ஆனவர் என்ற பேச்சு, உளவியலாளர்கள் ஹேசல் மார்கஸ், ஷினோபு கித்தயாமா இருவரின் 1991 கட்டுரைக்குப் பிறகு பெருகிற்று. போக்கு என்ற அளவில் சரி. ஆனால் பாகப்பிரிவினையில் ஒருமுறை போய் உட்கார்ந்து பாருங்கள்.

“நான் என்று ஒன்றில்லை, அதனால் பொறுப்பும் இல்லை”

தத்துவம் கொஞ்சம் படித்தவர்களுக்கு வரும் தவறு இது. 1739-ல் டேவிட் ஹ்யூம், உள்ளே தேடினால் சூடு, குளிர், அன்பு, வெறுப்பு என்று ஏதாவது ஓர் உணர்வுதான் கிடைக்கிறது, ‘நான்’ அகப்படுவதில்லை என்றார். அடுத்த ஆண்டே தன் விளக்கம் தனக்கே திருப்தி தரவில்லை என்றும் ஒத்துக்கொண்டார். அவருக்கு வெகு காலம் முன்பே பௌத்தம் இதைச் சொல்லிவிட்டது. மிலிந்தன் என்ற கிரேக்க மன்னனும் நாகசேனர் என்ற பிக்குவும் பேசிக்கொள்ளும் பாலி நூலில், சக்கரம், அச்சு, நுகம் எதுவுமே தனியாகத் தேர் இல்லை, ‘நான்’ என்பதும் அப்படித்தான் என்ற வாதம் பிரசித்தம். அதே நூலில் உள்ள மாங்காய்த் திருடனைத்தான் யாரும் சொல்வதில்லை. “நான் பறித்தது அவர் நட்ட மாங்காயை அல்ல, இது வேறு மாங்காய்” என்கிறான் திருடன். தண்டனை உண்டா என்று நாகசேனர் கேட்க, உண்டு என்கிறான் மன்னன். அதிலிருந்துதானே இது வந்தது. மாறாத ஓர் ஆள் உள்ளே இருந்தால்தான் கணக்குக் கேட்க முடியும் என்பதில்லை, தொடர்ச்சி இருந்தால் போதும்.

ஆன்மா உண்டு என்று அடித்துச் சொல்லும் சைவ சித்தாந்தமும் அதை அசையாத கல்லாகப் பார்க்கவில்லை. சார்ந்ததன் வண்ணமாதல், அதாவது எதைச் சேர்கிறதோ அதன் தன்மையாகவே ஆகிவிடுவது, உயிரின் இயல்பு என்கிறது. உண்டா இல்லையா என்பதில் எதிரெதிரே நிற்கும் இருவரும் இந்த அளவுக்கு நெருங்கி வருவது எனக்கு எப்போதும் வியப்பு.

“ரிட்டயர் ஆனதும் நான் நானாக இருப்பேன்”

இதைச் சொல்பவர்களும் உண்டு, “ரிட்டயர் ஆனா நான் ஒண்ணுமில்லை” என்று பயப்படுபவர்களும் உண்டு. இருவருமே பதவியைச் சட்டை மாதிரி கழற்றிவிடலாம் என்று நினைக்கிறார்கள். போவது நாற்காலியும் கையெழுத்து அதிகாரமும். முப்பது வருடத்தில் படிந்துபோன பதில்வினைகள் போவதில்லை. பழைய தூண்டல் வந்தால் பழைய ஆள் வருவார். அதனால் ஓய்வுக்கு முன்னால் “என் உண்மையான ஆசை என்ன?” என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, வேலையில் எந்த நேரங்களில் சுறுசுறுப்பாக இருந்தோம் என்று பார்ப்பது உருப்படியானது. பஞ்சாயத்து தீர்க்கும்போதா, கணக்கு நேராகும்போதா, புதுப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதா? அந்த நேரங்கள் வேறெங்கே கிடைக்கும் என்று தேடலாம். தேடாதவர்களுக்கு அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் இருக்கவே இருக்கிறது. அங்கே ஒரு முன்னாள் தலைமையாசிரியர் செயலாளராகி, லிஃப்ட் அருகே தினம் ஒரு சுற்றறிக்கை ஒட்டி, தாமதமாக வந்த தண்ணீர் லாரிக்காரரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டுக்கொண்டிருப்பார்.