தென்னை ஏறும் மெஷின் வாங்கப் போகிறீர்களா? முதலில் நூலை எடுங்கள்

தேங்காய் பறிக்க வருகிறேன் என்று சொன்ன ஆள் மூன்றாவது தடவையும் வராமல் போன அன்றுதான் எனக்கு மெஷின் யோசனை வந்தது. தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணிப் பக்கம் 60 மரம் வைத்திருக்கிறவனுக்கு இது பெரிய விஷயம். 45 நாளுக்கு ஒரு வெட்டு போட வேண்டும். தள்ளிப் போட்டால் நெற்று தானாக விழ ஆரம்பிக்கும். அது வரப்பில் விழுந்தால் பரவாயில்லை, பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழுந்தால் பஞ்சாயத்து.

சரி, நாமே ஏறலாம் என்று அவசரமாக ஒரு மெஷின் வாங்கி வந்தேன். கடைக்காரர் "எல்லா மரத்துக்கும் சேரும் சார்" என்றார். வீட்டு வாசலில் இருக்கிற முதல் மரத்திலேயே கம்பி வளையம் சுற்றி வரவில்லை, நாலு விரல் அளவு குறைந்தது. எங்கள் மரங்களை முப்பது வருடம் காலில் தளைக்கயிறு போட்டு ஏறிய பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சட்டைக்கு அளவு குடுத்துத்தான தம்பி தைக்கிறீங்க, இதுக்குக் குடுக்கலியா?" என்றார். அப்புறம் வெற்றிலையை மடிக்கத் தொடங்கிவிட்டார்.

அந்த அளவிலிருந்தே தொடங்குவோம். இதுவரை மரமே ஏறாதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஏறிப் பழகியவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

முதல் படி: நூலும் டேப்பும்

தோப்பில் பத்து மரம் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குப் பருமனாகத் தெரிவது, ஒல்லியாகத் தெரிவது இரண்டும் அதில் இருக்கட்டும். நெஞ்சு உயரத்தில் நூலைச் சுற்றிப் பிடித்து, அந்த நீளத்தை டேப்பில் வைத்துப் பாருங்கள். என் தோப்பில் சுற்றளவு 84 செ.மீ.யிலிருந்து 102 செ.மீ. வரை இருந்தது. 3.14-ஆல் வகுத்தால் விட்டம் வந்துவிடும். எனக்கு ஏறக்குறைய 27-லிருந்து 32 செ.மீ. மெஷின் விற்பவர்களில் சிலர் சுற்றளவைச் சொல்வார்கள், சிலர் விட்டத்தைச் சொல்வார்கள். இரண்டையும் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

தூரை அளந்து குழம்ப வேண்டாம். நெட்டை ரகங்களில் அடித்தூர் பானை மாதிரி உப்பியிருக்கும், இரண்டு மூன்று அடிக்கு மேல்தான் சீராகும். மெஷினை மாட்டுவது அந்த உப்பலுக்கு மேலேதான். நான் முதல் நாள் செய்த தப்பில் இதுவும் சேர்ந்தது. தூரிலேயே மாட்டப் பார்த்தேன்.

உயரத்தையும் குத்துமதிப்பாகக் குறித்துக்கொள்ளுங்கள். குட்டை ரகமும் இளமரமும் 20 அடிக்குள் இருந்தால் மெஷினே வேண்டாம், தொரட்டி போதும். அலுமினியக் கழியில் அரிவாள் கட்டிய தொரட்டி வைத்திருப்பவர்கள் மட்டும் மேலே கரண்ட் கம்பி போகிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். மூங்கில் கழியே நல்லது, அதுவும் ஈரமில்லாத மூங்கில்.

இரண்டாவது படி: ஏறக்கூடாத மரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு

எந்த மரத்தில் ஏறக்கூடாது என்பது மெஷின் வாங்குவதற்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். நம் பகுதியின் பேரிலேயே ஒரு நோய் இருக்கிறது. பேரே தஞ்சாவூர் வாடல் நோய். அடித்தண்டில் செம்பழுப்பாகச் சாறு கசிந்து காய்ந்திருக்கும். முற்றிய நிலையில் தூரை ஒட்டிக் காளான் முளைத்திருக்கும். அது வேரையும் அடித்தண்டையும் அரிக்கும் பூஞ்சை. மேலே கொண்டை பச்சையாக நிற்கும்போதே கீழே மரம் வலுவிழந்திருக்கலாம். தண்டில் ஓட்டை விழுந்து, நார் மென்று துப்பின மாதிரி வெளியே தள்ளியிருந்தால் உள்ளே சிவப்புக் கூன்வண்டின் புழு இருக்கிறது. அதிலும் ஏற வேண்டாம்.

அப்புறம் கஜா புயல். 2018 நவம்பர் 16 அதிகாலைக்குப் பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் நின்ற மரங்களில் எத்தனையோ சாய்ந்தபடியே உயிர் பிழைத்து மறுபடி காய்க்கின்றன. சாய்ந்த மரத்தில் மெஷின் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். அவற்றைக் கை தேர்ந்தவர்களிடம் விட்டுவிடுங்கள். பழைய தோட்டங்களில் ஏறுவதற்கு வசதியாகத் தண்டில் படி வெட்டி வைத்திருப்பார்கள். அந்தப் பள்ளங்களில் கம்பி வளையம் சிக்கும், அந்த மரங்களும் வேண்டாம்.

என் 60 மரத்தில் 17-க்கு இப்படிச் சுண்ணாம்புக் கோடு விழுந்தது. மனசு வலிக்கத்தான் செய்தது.

மூன்றாவது படி: நின்று ஏறுவதா, உட்கார்ந்து ஏறுவதா

சந்தையில் பேர் பலவாக இருந்தாலும் அடிப்படையில் வகை இரண்டுதான்.

நின்று ஏறுவது கேரளத்துக்காரர் கண்டுபிடிப்பு. கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்ற விவசாயி உருவாக்கியது, அதனால் செம்பேரி மாடல் என்றே பேர். இடது காலுக்கு ஒரு துண்டு, வலது காலுக்கு ஒரு துண்டு. ஒவ்வொன்றிலும் கால் வைக்கிற மிதி, கைப்பிடி, மரத்தைச் சுற்றும் இரும்புக் கம்பிவடம். ஒரு மிதியில் எடையைப் போட்டால் அந்த வடம் மரத்தை இறுக்கும், அந்த நேரத்தில் மற்றதைக் கையாலும் காலாலும் மேலே தூக்கலாம். படிக்கட்டு ஏறுவது மாதிரிதான். வேகம் அதிகம், விலையும் சில ஆயிரத்துக்குள் அடங்கும். ஆனால் மேலே போனதும் நின்றுகொண்டேதான் வேலை செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது மரம் ஏறும் தொழில்காரருக்கு இது சரி. 45 வயதில் புதிதாக ஏறத் தொடங்கும் என்னை மாதிரி ஆளுக்கு நாலாவது மரத்திலேயே ஆடுசதை நடுங்கும்.

உட்கார்ந்து ஏறும் வகையைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் வடிவமைத்திருக்கிறது. அதே பாணியில் பட்டறைக்காரர்களும் செய்கிறார்கள். மேல் சட்டத்தில் இருக்கை, கீழ்ச் சட்டத்தில் பாதத்தைச் செருகும் இடம். உட்கார்ந்ததும் இருக்கைப் பக்கம் கீழே அமுங்கும். மரத்துக்குப் பின்னால் இருக்கும் குறுக்குத் தண்டு அப்படியே மரத்தைக் கவ்விக்கொள்ளும். இப்போது இரண்டு காலையும் மடக்கிக் கீழ்ச் சட்டத்தை மேலே இழுக்கலாம். அதில் நின்றால் அது கவ்வும், மேல் சட்டத்தைக் கையால் தூக்கலாம். கம்பளிப்புழு போவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அதே நடைதான். மெதுவாகத்தான் போகும். ஆனால் களைத்தால் பாதி மரத்திலும் உட்கார்ந்து மூச்சு வாங்கலாம். புதியவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

வாங்கும்போது இன்னொன்றும் பாருங்கள். மரம் மேலே போகப் போகக் கொஞ்சம் ஒல்லியாகும். கீழே இருக்கை மட்டமாக இருக்கும்படி மாட்டினால் உச்சியில் அது மரத்தை விட்டு வெளிப்பக்கமாகச் சரிந்து, வழுக்கி விழுவோமோ என்று தோன்றும். அதனால் கீழே மாட்டும்போதே இருக்கைப் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைக்க வேண்டும். அப்படி வைக்க குறுக்குத் தண்டில் துளைகள் நெருக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். நாலு விரற்கடைக்கு ஒரு துளை இருந்தால் சரியாக அமையாது.

இதே கம்பளிப்புழு அமைப்பை அமெரிக்காவில் வில்வேட்டைக்காரர்கள் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறார்கள். கிளையில்லாத நேரான மரத்தில் ஏறி, மானுக்காக மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். நம் நாட்டில் 1972-ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம், அது நமக்கு வேண்டாம். ஆனால் உயரத்தில் உட்கார்ந்து கையை வீசி வேலை செய்வதில் அவர்களிடம் கற்றுக்கொள்ள மூன்று விஷயம் இருக்கிறது. பழைய பாணி நெடுவில் வைத்திருப்பவர்கள் முன்பக்கம் தடுப்புக் கம்பி இருக்கிற இருக்கையை வாங்க மாட்டார்கள், வில்லின் முனை அதில் இடிக்கும். நமக்கு அரிவாள் வீசும் கை. கடையிலேயே உட்கார்ந்து வெறுங்கையை வீசிப் பாருங்கள், முழங்கை எங்கேயும் இடிக்கக் கூடாது. இரண்டாவது, மேல் சட்டத்தையும் கீழ்ச் சட்டத்தையும் ஒரு கயிற்றால் இணைத்தே வைப்பார்கள். கால் நழுவிக் கீழ்ச் சட்டம் தரைக்குப் போய்விட்டால் நீங்கள் முப்பதடி உயரத்தில் வெறும் இருக்கையில் தொங்குவீர்கள். மூன்றாவது, வில்லை எடுத்துக்கொண்டு ஏற மாட்டார்கள். மேலே போய் உட்கார்ந்த பிறகு கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்வார்கள். அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறுவது பெரியவருக்குச் சரி, உங்களுக்கும் எனக்கும் இல்லை.

நான்காவது படி: கடையில் கையால் தடவிப் பார்ப்பது

கம்பிவடத்தின் மேல் ஒரு பழைய வேட்டித் துணியை வைத்து இழுங்கள். எங்கேயாவது நூல் பிடித்தால் அங்கே ஒரு கம்பி அறுந்திருக்கிறது என்று அர்த்தம். ரப்பரில் நகத்தை அழுத்துங்கள், பள்ளம் விழுந்து மீள வேண்டும். வெயிலில் கிடந்து கெட்டியான ரப்பர் மரத்தைப் பிடிக்காது. வெல்டிங் இடங்களில் பெயின்ட் தடிமனாகப் பூசியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். நட்டெல்லாம் தானாகக் கழலாத நைலாக் நட்டாக இருக்கட்டும். அதிராம்பட்டினம் மாதிரி உப்புக்காற்று அடிக்கிற இடத்துக்காரர்கள் வருடம் ஒருமுறை வடத்தையே மாற்றிவிடுவது நல்லது. எடை வரம்பு எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், எழுதியே இல்லாததை வாங்காதீர்கள்.

ஐந்தாவது படி: பெல்ட் (உண்மையில் இதுதான் முதலில்)

கையிலிருக்கும் பணம் மெஷினுக்கும் பெல்ட்டுக்கும் சேர்த்துப் போதாது என்றால் இந்த மாதம் பெல்ட்டை வாங்குங்கள், அடுத்த வெட்டுக்கு மெஷினை வாங்கலாம். மெஷினோடு இலவசமாக ஒரு இடுப்பு பெல்ட் தருவார்கள். மாடு கட்ட வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு பெல்ட்டில் விழுந்தால் மொத்த அதிர்ச்சியும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும், தலைகீழாகத் திரும்பவும் செய்யலாம். தோள், நெஞ்சு, இரண்டு தொடை எல்லாவற்றையும் பிடிக்கும் முழு உடல் பெல்ட்தான் வேண்டும். கட்டடம், டவர் வேலைக்காரர்களுக்கான பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர எண் அதில் அச்சிட்டிருக்க வேண்டும்.

பெல்ட்டிலிருந்து வரும் கயிறு, மரத்தைச் சுற்றும் தனிப்பட்டையில் மாட்டப்பட வேண்டும். மெஷினில் மாட்டவே கூடாது. மெஷின் நழுவினால் உங்களையும் சேர்த்து இழுக்கும். அந்தப் பட்டை எப்போதும் நெஞ்சுக்கு மேலே இருக்கட்டும். தரையில் நிற்கும்போதே மாட்டிவிட வேண்டும், ஒவ்வொரு இரண்டு எட்டுக்கும் அதை மேலே தள்ளிக்கொள்ள வேண்டும். சலிப்பான வேலைதான்.

பெல்ட் பிடித்துவிட்டாலும் கதை முடியவில்லை. அசையாமல் தொங்கினால் தொடைப்பட்டை அழுத்தி ரத்தம் காலிலேயே தங்கும், சீக்கிரமே மயக்கம் வரலாம். கால் ஊன்ற ஒரு கயிற்று வளையம் கூட இருந்தால் அதில் நின்று எடையை மாற்றிக்கொள்ளலாம். நான் இதைப் பெரியவரிடம் சொன்னபோது உள்ளே போய்த் தன் பழைய தளைக்கயிற்றையே எடுத்து வந்து கொடுத்தார். இப்போது அது என் பெல்ட்டில் தொங்குகிறது.

ஆறாவது படி: முதல் நாள் ஆறடி

முதல் நாள் ஆறடிக்கு மேல் போகாதீர்கள். ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, இறங்கி. இறங்குவதுதான் கஷ்டம், அதை யாரும் வீடியோவில் காட்டுவதில்லை. கீழ்ச் சட்டத்தை இறக்கும்போது அது கவ்வியதா என்று ஒரு காலால் அழுத்திப் பார்த்த பிறகே எடையைப் போட வேண்டும். எனக்கு முதல் நாளே பன்னிரண்டு அடி போகும் ஆசை வந்தது. போய்விட்டேன். இறங்கத் தெரியாமல் இருபது நிமிடம் மரத்தைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தேன். என் மனைவி கீழே நின்று, "அப்படியே கொட்டாங்கச்சியில காபி அனுப்பவா?" என்று கேட்டாள்.

முறையாகக் கற்க விரும்பினால் தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் தொடங்கிய தென்னை மரத்தின் நண்பர்கள் பயிற்சியைப் பற்றி விசாரியுங்கள். நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்கலாம். மரம் ஏறுகிறவர்களுக்கென்று கேரசுரக்ஷா என்ற காப்பீடும் வாரியத்தில் இருக்கிறது, அதையும் கையோடு கேட்டுவிடுங்கள்.

ஐப்பசி கார்த்திகை மழையில் தண்டில் பாசி பிடிக்கும், இரண்டு நாள் வெயில் காய்ந்த பிறகே ஏறுங்கள். ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, நாற்பதடி மரத்தின் கொண்டை நன்றாகவே ஆடும். ஏறுமுன் கொண்டையில் கதண்டு கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து ஒரு நிமிடம் நின்று பாருங்கள். இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். தனியாக மட்டும் ஏறாதீர்கள். கீழே ஒருவர் கையில் போனோடு, காய் விழும் இடத்தை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும்.

வேலை முடிந்ததும் மெஷினைக் கொட்டகையில் ஆணியில் மாட்டிவிடலாம். பெல்ட்டை மட்டும் நெல் மூட்டை இருக்கிற அறையில் வைக்காதீர்கள். உப்பேறிய வியர்வை வாசனைக்கு எலி வரும். போன தையில் என் தொடைப்பட்டையில் ஓர் ஓரத்தைக் கடித்து வைத்திருந்தது. கடி சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், ஆனாலும் புதுசு வாங்கினேன். இப்போது அது மூடி போட்ட தகர டின்னில் இருக்கிறது.