நெஞ்செரிச்சல்: மாத்திரையைவிட நேரம் முக்கியம்

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வந்தாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, "கேஸ்தான், சரியாயிடும்" என்று ஆன்டாசிட் குடித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

நெஞ்செரிச்சல்தான் என்று மருத்துவர் சொல்லி மாத்திரை கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் நடக்கும் பெரிய தவறு, சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு அதை விழுங்குவது. ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் வகை மாத்திரைகள் இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்புகளை அடைப்பவை. அந்தப் பம்புகள் மும்முரமாக இயங்குவது சாப்பிடும்போதுதான். அந்நேரம் மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். அதனால்தான் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பே போடச் சொல்கிறார்கள். நேரம் தவறிப் போட்டுவிட்டு மாத்திரை கேட்கவில்லை என்று டோஸைக் கூட்டுபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மாதக்கணக்கில் போட்டதைச் சட்டென்று நிறுத்துவதும் வேண்டாம். சிலருக்கு அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து எரிச்சல் திரும்பிவிடும். மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

அடுத்தது படுக்கை. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம் போன்ற தசை ஒன்று இருக்கிறது. அது தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும். வயிறு நிறைந்திருக்கும்போது படுத்தால் கேட்கவே வேண்டாம். கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தலைக்கு இரண்டு மூன்று தலையணை அடுக்கினால் உடம்பு இடுப்பில் மடங்கி வயிறுதான் இன்னும் அழுந்தும். அதைவிட, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் உறுதியான கட்டை கொடுத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே அமையும், எரிச்சலும் குறையும்.

பால் குடித்தால் இதமாக இருக்கும், ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். புதினா மிட்டாயோ அந்தத் தசையைத் தளர்த்தும். புகையும் அப்படித்தான்.

விழுங்கும்போது உணவு சிக்குகிறதா, மலம் கருப்பாகப் போகிறதா, காரணமில்லாமல் எடை குறைகிறதா? அப்போது மாத்திரையால் எரிச்சலை அடக்கி நாளைத் தள்ளாதீர்கள். எண்டோஸ்கோபி, அதாவது வாய்வழியே கேமரா பொருத்திய மெல்லிய குழாயை விட்டு உள்ளே பார்க்கும் பரிசோதனை, தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.