ஓப்பன்இஎம்ஆர் பேக்கப்: நோயாளி பெயர் வருகிறது, லேப் ரிப்போர்ட் திறக்கவில்லையா?

ஒரு டாக்டர், ரிசப்ஷனில் இரண்டு பேர் என்று நடக்கும் கிளினிக்குக்கு, நோயாளிப் பதிவுகளை வைக்கும் ஓப்பன்இஎம்ஆர் மென்பொருள் தாராளமாகப் போதும். காசு கிடையாது, பதிவுகளும் நம் கைவசமே இருக்கும். உபுண்டுவில் (லினக்ஸ் வகை இயங்குதளம்) அதை நிறுவும் வழி எங்கும் கிடைக்கும், இங்கே அதைத் தொடவில்லை. நிறுவியபின் நோயாளிகளின் தகவலைப் பூட்டுவதும், கெட்டால் மீட்பதும்தான் இந்தப் பதிவு. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்களை ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல்) முடக்கியபோது, அங்கே கையால் எழுதிச் சமாளிக்க ஆள் இருந்தார்கள். சின்ன கிளினிக்கில் பழைய பதிவு போனால் போனதுதான்.

படி 1: டிஸ்க் பூட்டு

உபுண்டு நிறுவும்போதே, டிஸ்க்கைக் கடவுச்சொல்லால் பூட்டும் லக்ஸ் என்கிரிப்ஷனைத் தேர்ந்துவிடுங்கள். பிறகு சேர்ப்பது பெரிய வேலை. இதில் ஒரு சிக்கல் உண்டு. கம்ப்யூட்டர் அணைந்து கிளம்பும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும். காலையில் கரண்ட் போய் வந்தால், கடவுச்சொல் தெரிந்தவர் வரும்வரை ரிசப்ஷன் காத்திருக்க வேண்டியதுதான். யூபிஎஸ் கட்டாயம். கடவுச்சொல் இரண்டு பேருக்குத் தெரியட்டும், ஒரு பிரதி ஒட்டிய உறையில் டாக்டர் வீட்டு பீரோவில் இருக்கட்டும். இந்தப் பூட்டு கம்ப்யூட்டர் திருடுபோனால் மட்டுமே காக்கும். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் ரான்சம்வேர் நுழைந்தால் இதனால் பயனில்லை.

படி 2: ஆளுக்கு ஒரு லாகின்

ரிசப்ஷனில் எல்லோரும் ஒரே லாகினில் புகுந்தால், யார் எந்தப் பதிவைப் பார்த்தார்கள் என்ற தணிக்கைப் பதிவேடு குப்பைதான். ரிசப்ஷனுக்கு ‘ஃப்ரன்ட் ஆபீஸ்’ குழு, டாக்டருக்கு ‘ஃபிசிஷியன்ஸ்’. ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ லாகினைத் தினசரி வேலைக்குத் தொடவே கூடாது. அதற்கு மட்டும் செல்போனில் எண் வரும் இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள்.

யாரும் தொடாமல் இருந்தால் தானாக வெளியேறும் நேரம் 7200 வினாடி, அதாவது இரண்டு மணி நேரம் என்று வருகிறது. அதை 900 ஆக்குங்கள். 300 வரை இறக்க வேண்டாம்: டாக்டர் நோயாளியைப் பரிசோதித்துவிட்டுத் திரும்புவதற்குள், சேமிக்காத குறிப்பு போய்விடும்.

வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்று ரூட்டரில் போர்ட் திறக்காதீர்கள். வயர்கார்டு என்ற விபிஎன் (பூட்டிய தனிப்பாதை) வழியாக மட்டும் வாருங்கள். நோயாளிகள் காத்திருக்கும் இடத்து வைஃபை தனியாக இருக்கட்டும்.

படி 3: பேக்கப்

பலரும் சறுக்கும் இடம் இது. டேட்டாபேஸை மட்டும் டம்ப் (ஒரே கோப்பாக முழுப் பிரதி) எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். மீட்டுப் பார்த்தால் நோயாளி பட்டியல் வரும், மருந்துச் சீட்டு வரும், அப்பாயின்ட்மென்ட் வரும். ஸ்கேன் செய்து ஏற்றிய ரிப்போர்ட்டைத் தொட்டால்தான் திறக்காது.

காரணம் இது. ஏற்றும் ஆவணங்களை ஓப்பன்இஎம்ஆர் என்கிரிப்ட் செய்து, டேட்டாபேஸுக்கு வெளியே, ‘சைட்ஸ்’ கோப்புறைக்குள் வைக்கிறது. அவற்றின் சாவி அதே கோப்புறையில் ஆழத்தில், ‘மெத்தட்ஸ்’ என்ற துணைக் கோப்புறையில் இருக்கிறது. அந்தச் சாவியையே இன்னொரு சாவி பூட்டியிருக்கிறது, அது இருப்பது டேட்டாபேஸின் ‘கீஸ்’ அட்டவணையில். ஆக, இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ரிப்போர்ட் திறக்காது. நோயாளி எண் போட்ட கோப்புறைகளை மட்டும் எடுத்து வைத்தவர்களுக்கும் இதே கதிதான். என்கிரிப்ஷன் வருவதற்கு முன் ஏற்றிய பழைய ரிப்போர்ட்கள் மட்டும் திறக்கும். அவற்றைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியென்று நினைத்துவிடக் கூடாது.

அதனால் இரவு வேலை இப்படிப் போகட்டும். முதலில் மரியாடிபி (ஓப்பன்இஎம்ஆர் பயன்படுத்தும் டேட்டாபேஸ்) டம்ப், ‘சிங்கிள் டிரான்ஸாக்‌ஷன்’ விருப்பத்தோடு. கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் எழுதாமல், ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) மட்டும் படிக்கும் கோப்பில் (அனுமதி 600) வையுங்கள். டம்ப் கோப்பின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். கடவுச்சொல் தவறி டம்ப் தோற்றாலும் 0 பைட்டில் ஒரு கோப்பு உருவாகிவிடும். பெயரும் தேதியும் சரியாக இருப்பதால் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாது. அடுத்து, அந்த டம்ப்பையும் முழு ‘சைட்ஸ்’ கோப்புறையையும் ஒன்றாக ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருளில் சேர்க்க வேண்டும்.

கடவுச்சொல் போட்ட ஜிப்பைவிட ரெஸ்டிக்கையே சொல்வேன். எல்லாவற்றையும் தானே என்கிரிப்ட் செய்யும், மாறியதை மட்டும் சேர்க்கும். அதன் கடவுச்சொல் தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது, அதையும் அதே உறையில் வையுங்கள். தினசரி 7, வாராந்திர 5, மாதாந்திர 12 பிரதிகள் போதும். பழையதைக் கழிக்கும் ‘ஃபர்கெட்’ கட்டளையோடு ‘ப்ரூன்’ சேர்க்காவிட்டால் டிஸ்க்கில் இடம் காலியாகாது.

ஒரு நாளைக்கு 40 ரிப்போர்ட், ஒன்று 300 கேபி என்றால் 12 எம்பி. வருஷம் 300 நாளுக்கு 3.6 ஜிபிதான். 1 டிபி டிஸ்க் இரண்டு வாங்கி வாரம் மாற்றி மாற்றிச் செருகுங்கள். செருகாதது கிளினிக்குக்கு வெளியே இருக்க வேண்டும், செருகியே கிடக்கும் டிஸ்க்கை ரான்சம்வேர் விடாது.

படி 4: மீட்டுப் பார்ப்பது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, லக்ஸ் பூட்டிய பழைய லேப்டாப் ஒன்றில் அதே பதிப்பு ஓப்பன்இஎம்ஆரை நிறுவுங்கள். டம்ப்பை ஏற்றி, ‘சைட்ஸ்’ கோப்புறையை முழுதாக மாற்றி வையுங்கள். கோப்புறையின் உரிமையாளரை வெப் சர்வர் பயனருக்கு மாற்ற மறந்தால் வெற்றுப் பக்கமோ பிழையோ வரும். டேட்டாபேஸ் கடவுச்சொல்லும் பழையதாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் கோப்புறையோடு வந்த அமைப்புக் கோப்பில் அதுதான் எழுதியிருக்கிறது. பிறகு நேற்று ஏற்றிய ரிப்போர்ட் ஒன்றையும், மிகப் பழையது ஒன்றையும் திறங்கள். இரண்டும் திறந்தால்தான் உங்களிடம் பேக்கப் இருக்கிறது. முடிந்ததும் லேப்டாப்பை அழித்துவிடுங்கள், உள்ளே இருப்பது உண்மையான மனிதர்களின் நோய்.

தகவல் கசிவது வெறும் மானப் பிரச்சினை இல்லை. 2023 மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு செய்யாததற்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். சைபர் தாக்குதல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்புக்குச் சொல்ல வேண்டும் என்பது 2022 உத்தரவு. ரிசப்ஷன் பெண்ணின் சொந்த வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அனுப்பும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

பின்சேர்க்கை: மீட்டுப் பார்க்கும் லேப்டாப்பில் நெட்டைத் துண்டித்துவிட்டே டம்ப்பை ஏற்றுங்கள். எஸ்எம்எஸ், மின்னஞ்சல் நினைவூட்டல் வைத்திருந்தால் அந்த அமைப்பும் டம்ப்போடு சேர்ந்தே வரும். நெட் இருந்தால், நோயாளிகளுக்கு அதே அப்பாயின்ட்மென்ட் நினைவூட்டல் இரண்டாவது தடவை போய்ச்சேர வாய்ப்புண்டு.