சிக்னல் அபராதத்தை எதிர்த்து கோர்ட்டுக்குப் போகுமுன்

முதலில் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். கட்டினால் பல இடங்களில் தப்பை ஒத்துக்கொண்டதாகவே கணக்கு. சீட்டில் பொடி எழுத்தில் கடைசித் தேதி இருக்கும். அதற்குள் மறுப்பைத் தெரிவித்துவிடுங்கள்.

எனக்கு வந்தது சிக்னல் மீறல். மறுநாள் அதே நேரத்துக்கு அந்த முக்குக்குப் போனேன். மரக்கிளை ஒன்று சிவப்பு விளக்கைப் பாதி மறைத்துக்கொண்டிருந்தது. ஓட்டுபவர் கண் உயரத்தில், தள்ளி நின்றும் கிட்டே நின்றும் நாலு படம் எடுத்தேன். அடுத்த வாரம் கிளையை வெட்டிவிட்டார்கள்!

வண்டி எண்ணில் ஓர் எழுத்துப் பிழையை மட்டும் நம்பிப் போகாதீர்கள், பெரும்பாலும் திருத்திக்கொள்வார்கள். கேமரா வழக்கென்றால் படத்தைக் கேட்டு வாங்குங்கள். வேகம் என்றால் கருவியைச் சோதித்த சான்றையும்.

படங்களைத் தாளில் மூன்று பிரதி எடுங்கள்: நீதிபதிக்கு, எதிர்த்தரப்புக்கு, உங்களுக்கு. "எல்லாரும்தானே போனாங்க" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். நீங்களும் போனதாக ஆகிவிடும். நான் கிளையைப் பற்றி மட்டும்தான் பேசினேன்.