நாற்பதைத் தாண்டி ஓட்டம்: அவசரப்பட்டால் முட்டியும் போகும், ஆசையும் போகும்

ஜனவரி தொடக்கத்தில் சென்னை மாரத்தான் முடிந்ததும் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையிலும், மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவிலும், அண்ணா நகர் டவர் பார்க்கிலும் புதுமுகங்கள் கூடிவிடும். பெரும்பாலும் நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்து வயதுக்குள் இருப்பவர்கள். மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு வந்திருக்கும். பழைய பேன்ட் இடுப்பில் நிற்காது. கூடப் படித்த யாரோ ஒருவர் கழுத்தில் பதக்கத்தோடு வாட்ஸாப்பில் படம் போட்டிருப்பார். நல்ல ஆசைதான். ஆனால் பங்குனி வெயில் ஏறுவதற்குள் அவர்களில் பலரைக் காணோம். விசாரித்தால், "குதிகால் வலி சார்", "முட்டி பிடிச்சுக்கிச்சு", "ரெண்டு மாசம் ஓடியும் ஒரு கிலோகூடக் குறையல" என்பார்கள். எல்லோருமே முதல் சில வாரங்களில் அளவுக்கு மீறி உழைத்தவர்கள்.

நடுவயதில் ஓடத் தொடங்கும்போது உடம்பின் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. இதயமும் நுரையீரலும் ஆறு, எட்டு வாரங்களில் நன்றாகத் தேறிவிடும். எலும்புக்கும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கும் அந்தப் பலம் வரப் பல மாதம் பிடிக்கும். மூச்சு இன்னும் ஓடலாம் என்கிறது, குதிகால் தாங்கவில்லை. இந்த இடைவெளியில்தான் பெரும்பாலானோர் அடிபடுகிறார்கள். இதற்கு அடுத்தபடியாக ஆளைக் கெடுப்பது, எடை குறைப்பதையும் ஓடுவதையும் ஒரே வேலை என்று நினைப்பது.

இதயத்தைப் பார்க்காமல் இறங்குவது

52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வந்த தெற்காசியர்களின் இடைநிலை வயது 53. மற்ற நாடுகளில் அது கிட்டத்தட்ட 59. நமக்கு எடை வரம்பும் குறைவு. உடல் எடைக் குறியீடான பிஎம்ஐ 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்பதுதான் இந்தியர்களுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதனால் ஷூ வாங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள்.

படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜி சரியாக இருக்கிறது, போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஓய்வாக இருக்கும் இதயத்தைத்தான் அது காட்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப் பழக்கம், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளம் வயதில் மாரடைப்பு, இதில் ஒன்று இருந்தாலும் "நான் ஓடப் போகிறேன் டாக்டர்" என்று வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள். ட்ரெட்மில் டெஸ்ட் வேண்டுமா, எக்கோ வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

மாத்திரைகளையும் மறந்துவிடாமல் சொல்லுங்கள். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு நீண்ட ஓட்டத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். இடுப்புப் பையில் குளுக்கோஸ் இல்லாமல் அவர்கள் கிளம்பக் கூடாது. எடை குறையக் குறைய மாத்திரையின் அளவையும் குறைக்க வேண்டி வரலாம், ஆனால் அதை நீங்களாகச் செய்யாதீர்கள். ரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்குத் துடிப்பு எப்போதும் குறைவாகவே காட்டும். வாட்ச் காட்டும் எண்ணை நம்பி அவர்கள் வேகத்தைக் கூட்டக் கூடாது.

அப்புறம் இந்த "கேஸ்" விஷயம். நெஞ்சில் இறுக்கம் வந்தால் சோடா குடித்து, ஓமம் மென்று சமாளிப்பது நம் ஊரில் ஆழமாக ஊறிப்போன பழக்கம். ஓடும்போது வந்து, நின்றால் போய்விடுகிற நெஞ்சு இறுக்கத்தை இதய வலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தாடைக்கோ கைக்கோ பரவினாலும் அப்படித்தான். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். நின்ற பிறகும் சில நிமிடங்களில் அடங்கவில்லை, வியர்த்துக் கொட்டுகிறது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஓட்டம் எடையைப் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது

ஒரு கிலோமீட்டர் ஓட, உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 80 கிலோ இருப்பவர் 5 கிலோமீட்டர் ஓடினால் 400 கலோரி. ஓடி முடித்ததும் குழுவாகப் போய் ஒரு நெய்ப் பொங்கல், ஒரு வடை, சர்க்கரை போட்ட ஒரு ஃபில்டர் காபி சாப்பிட்டால் அந்த 400-ம் திரும்பி வந்து அதற்கு மேலேயும் சேரும். ஒரு கிலோ கொழுப்பில் இருப்பது சுமார் 7,700 கலோரி. வாரம் மூன்று நாள் 5 கிலோமீட்டர் ஓடுபவருக்கு ஒரு கிலோ கரைய ஆறு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவும் சாப்பாடு ஒரு கவளம்கூடக் கூடாமல் இருந்தால்தான்.

டிபனுக்குப் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. அந்த மேசையில் கிடைக்கும் சிநேகத்துக்காகவே பலர் அடுத்த ஞாயிறும் எழுந்து வருகிறார்கள். இட்லி சாம்பார் சொல்லுங்கள், காபியில் சர்க்கரையை விடுங்கள், போதும். எடை குறைய வேண்டிய இடம் வீட்டுத் தட்டு. சோற்றைக் குறைத்துக் காயை இரண்டு மடங்காக்குவது, மாலையில் டீயோடு வரும் மிக்சரையும் பிஸ்கட்டையும் நிறுத்துவது, இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிப்பது என்று இருந்தாலே வாரத்துக்கு அரைக் கிலோ வரை குறையும். அதற்கு மேல் வேகம் வேண்டாம்.

எடை மெஷினைத் தினமும் பார்த்து மனம் நொந்துபோகிறவர்களும் உண்டு. நீண்ட ஓட்டம் முடிந்த உடனே ஒரு கிலோ குறைந்திருந்தால் அது வியர்வை. மறுநாள் ஏறியிருந்தால் அது தண்ணீர். மாதம் ஒரு முறை டேப்பை எடுத்துத் தொப்புள் உயரத்தில் இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, இதற்குக் கீழே கொண்டுவருவதுதான் இலக்கு. நான் பார்த்தவரை எடை அசையாத மாதங்களில்கூட டேப் அசைந்திருக்கிறது.

வயிற்றைக் காயப்போட்டு, தூக்கத்தைக் குறைத்து ஓடுவது

முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைந்துகொண்டே வரும். அந்த நேரத்தில் சாப்பாட்டைப் பாதியாக்கி, கூடவே தூரத்தையும் ஏற்றினால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். மெஷினில் எண் குறையும், முட்டியைத் தாங்க வேண்டிய தொடைத்தசையும் குறைந்திருக்கும். ஓடி எடை குறைக்கிற ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதமாவது வேண்டும். 75 கிலோ இருப்பவருக்கு ஒரு நாளைக்கு 90 கிராம். காலையும் இரவும் இட்லி தோசை, மதியம் சாம்பார் சாதம் என்று போனால் அதில் பாதி தேறுவதே கஷ்டம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் சுமார் 14, நூறு கிராம் மீனில் சுமார் 20. இவற்றை வேளைக்கு வேளை பிரித்துச் சேர்த்தால் கணக்கு நிரம்பும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் வேண்டும். ஜிம் இல்லாவிட்டால் பரவாயில்லை. மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குவதும், நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவதுமே நல்ல தொடக்கம்.

பெண்களுக்கு இது இன்னும் கடினம், அதை வீட்டில் இருப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் குழுவில் ஒரு பள்ளி ஆசிரியை இருக்கிறார். இரவு பாத்திரம் கழுவி முடித்துப் படுக்கவே பதினொன்று ஆகும். விடியற்காலை நாலு மணிக்கு முன்பே எழுந்து, குழம்பும் பொரியலும் வைத்து, டிபன் பாக்ஸ்களை மூடி வரிசையாக மேடையில் வைத்துவிட்டு ஐந்து மணிக்குத் திருவான்மியூர் கடற்கரைக்கு வருவார். எடை குறையவே இல்லை. ஆளுக்கு ஆள் சோற்றை நிறுத்தச் சொன்னார்கள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் மிகவும் குறைவாக இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை தொடங்கினார். ஓட்ட நாட்களில் சமையலைக் கணவர் ஏற்றுக்கொண்டார். ஆசிரியைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூக்கம் கிடைத்தது. அதன் பிறகுதான் இடுப்பளவு இறங்கத் தொடங்கியது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் தூக்கம் கலைவதும், எலும்பு பலம் குறைவதும் இயல்பு. அந்த வயதில் ஓடும் பெண்கள் ஹீமோகுளோபினையும் வைட்டமின் டியையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

மெதுவாக ஓட வெட்கப்படுவது

இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு என்று நான் நினைக்கிறேன். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரம் அடிக்கு மேல். அப்படியிருக்க, முதல் வாரத்திலேயே பக்கத்தில் போகிற இருபத்தைந்து வயதுப் பையனோடு போட்டி போட்டால் என்ன ஆகும்?

வேகத்துக்கு ஒரே ஒரு அளவுகோல் போதும். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். "நேத்து மேட்ச் பாத்தீங்களாண்ணா?" என்று கேட்டு, பதிலுக்கு அவர் ஒற்றைச் சொல்லில் "ம்" என்றால், அவர் வேகமாக ஓடுகிறார். வாட்ச் வைத்திருப்பவர்கள், இதயத்தின் உச்சத் துடிப்பைக் கணிக்க 220-இலிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். அது சராசரிக் கணக்கு. ஒருவருக்கொருவர் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் இருக்கும். பேச்சுதான் நம்பகமானது.

முதல் மாதம் நடை. அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடக்க முடிந்த பிறகு, ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிப் போங்கள். நடுவில் நடப்பது கௌரவக் குறைச்சல் இல்லை. 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஓடிய ஜெஃப் கேலோவே இந்த முறையைத்தான் சாதாரண மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அதில் பழகி முழு மாரத்தான் முடித்தவர்கள் ஏராளம். வாரத் தூரத்தைப் பத்துச் சதவீதம் அளவில் கூட்டலாம், நான்காவது வாரம் குறைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் ஓட்டம், ஒரு நாள் ஓய்வு. இந்த வயதில் ஓய்வு நாளில்தான் கால் பலப்படுகிறது.

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலின் அடியில் ஊசி குத்துவதுபோல் வலிக்கிறதா? பாத்ரூம் போய் வருவதற்குள் அது குறைந்துவிடும், அதனால் அலட்சியமாக விட்டுவிடுவார்கள். பாதத்தின் அடித்தசைநாரில் கோளாறு தொடங்குகிறது என்று அர்த்தம். அந்த வாரமே தூரத்தைப் பாதியாக்கி, கெண்டைக்காலை நீட்டி மடக்கும் பயிற்சியைத் தொடங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். விட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். தசை வலி இரண்டு கால்களிலும் பரவலாக இருக்கும், இரண்டு மூன்று நாளில் போகும். ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய வலி, ஓட ஓடக் கூடுகிற வலி, நொண்ட வைக்கிற வலி, இவற்றோடு ஓடக் கூடாது.

"ஓடினால் முட்டி தேய்ந்துவிடும்" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்கள். அளவாக ஓடுபவர்களுக்கு மூட்டுத் தேய்மானம், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களைவிடக் குறைவாகவே காணப்படுகிறது. சென்னையின் முன்னாள் மேயர் மா. சுப்பிரமணியன் ஐம்பதைத் தாண்டித் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்கள் ஓடியிருப்பது ஊரறிந்த விஷயம். வயது தடையில்லை, அவசரம்தான் தடை. ஷூ பற்றி ஒன்றே ஒன்று: மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போய், பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்குங்கள். விலை இரண்டாம் பட்சம்.

சென்னைக் காற்றைக் கணக்கில் எடுக்காதது

விடியற்காலை ஐந்து மணிக்கு வெயில் இல்லை, ஆனால் காற்றில் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். இங்கே அது காயாமல் சொட்டுகிறது, உடம்புச் சூடு ஏறிக்கொண்டே போகிறது. ஜனவரியில் ஓடிய வேகத்தை மே மாதம் ஓட முடியவில்லையே என்று யாரும் வருந்த வேண்டாம், கத்திரி வெயில் காலத்தில் மெதுவாகத்தான் ஓட வேண்டும். ஓடும்போது தலைசுற்றல், குளிர் நடுக்கம், பேச்சில் குழறல் வந்தால் உடனே நிறுத்தி நிழலுக்குப் போய், தலையிலும் உடம்பிலும் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழப்பம் தெளியாவிட்டால் மருத்துவமனைதான்.

வெறும் தண்ணீரை மடமடவென்று குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்ததுதான் முக்கியக் காரணம். தாகத்துக்குத் தகுந்தபடி குடியுங்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். அதனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் உப்புப் போட்ட மோரோ, ஓஆர்எஸ் கரைசலோ பொருத்தம். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டத்துக்கு முன்பு வலி வராமல் இருக்க டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் பரவி வருகிறது. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தை நேரடியாகப் பாதிக்கும். தயவுசெய்து வேண்டாம்.

ஜனவரி ஓட்டத்துக்குப் பெயர் கொடுப்பவர்கள் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். நீண்ட ஓட்டங்கள் வர வேண்டிய அக்டோபர், நவம்பர், டிசம்பர்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை. தண்ணீர் தேங்கிய தெருவில் திறந்த பாதாளச் சாக்கடை மூடி தெரியாது. நாய்களும் அப்போது மேடான இடங்களில் கூட்டமாக ஒதுங்கியிருக்கும். இரண்டு மூன்று வாரம் வெளியே ஓட முடியாமல் போகும் என்று முன்பே திட்டத்தில் எழுதிவையுங்கள். அந்த நாட்களில் அடுக்குமாடிப் படிக்கட்டும் தசைப் பயிற்சியும் போதும். மழை விட்டதும் தவறவிட்ட தூரத்தையெல்லாம் ஒரே வாரத்தில் சேர்த்து ஓடுவதால்தான் டிசம்பரில் பலருக்குக் கால் போகிறது. விட்ட இடத்துக்குச் சற்றுப் பின்னாலிருந்து தொடங்குங்கள். அரை மாரத்தானுக்குப் பணம் கட்டியிருந்தாலும், கால் தயாராக இல்லை என்றால் ஏற்பாட்டாளர்களிடம் கேட்டுப் பத்துக் கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்ற முடியாது என்றால் அந்தப் பணம் போகட்டும்.