சிறகவரை ஏன் பூக்காமல் கொடியாகவே ஓடுகிறது?

பந்தல் நிறைய இலை, பூ ஒன்றுகூட இல்லை. கொழும்பு மாடிகளில் சிறகவரை வைத்தவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. உடனே யூரியா போடுவார்கள். இலை இன்னும் கரும்பச்சையாகும், பூ இன்னும் பிந்தும். வேர் முடிச்சுகளே இந்தக் கொடிக்குத் தழைச்சத்தைத் தேடித் தரும். ஒரு முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் யூரியா வேண்டியதில்லை.

உண்மையான காரணம் இரவின் நீளம். சந்தையில் 'தம்பல' என்று விற்கும் நாட்டு இனங்கள் இரவு போதிய அளவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். இங்கே டிசம்பர்ப் பகலுக்கும் ஜூன் பகலுக்கும் வித்தியாசம் முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல்தான், ஆனால் செடிக்கு அதுவே போதும். மார்ச்சில் ஊன்றினால் பகல் நீளும் காலத்துக்குள் போய் மாதக்கணக்கில் இலைதான். செப்டெம்பரில் ஊன்றியது இரண்டு மாதம் சொச்சத்தில் பூக்கத் தொடங்கும். ஒக்டோபர் மழையில் சாடியில் தண்ணீர் தேங்காமல் பார்த்தால் சரி.

பலரும் கவனிக்காதது வீதி விளக்கு. இரவின் நடுவே விழும் மெல்லிய வெளிச்சமும் நீண்ட இரவை இரண்டாக வெட்டிவிடும். விளக்கைப் பார்த்த பக்கம் வெறும் இலையாகவும் சுவர் மறைவில் உள்ள பக்கம் பூவாகவும் நின்றால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை. சாடியை நகர்த்துங்கள், முடியாவிட்டால் மாலை ஆறரை முதல் விடியும்வரை அந்தப் பக்கம் கறுப்புத் துணி கட்டுங்கள்.

விதையின் தோல் கெட்டி. அப்படியே ஊன்றிவிட்டு முளைக்கவில்லை என்று கடைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை. விதை காயோடு ஒட்டியிருந்த தழும்புக்கு எதிர்ப்பக்கம் நகவெட்டியால் சிறிது கீறி, ஒரு இரவு ஊறவைத்து, 2 முதல் 3 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஊன்றுங்கள். முதல் மாதம் செடி அசையாததுபோல் தெரியும், அது இயல்பு.

முந்திப் பூக்கும் இனத்தைத் தாமே தெரிவு செய்ய நினைப்பவர்கள் செப்டெம்பர் நடவில் முதலில் பூத்த கொடியின் விதையை எடுத்துவைப்பார்கள். அந்தப் பருவத்தில் எல்லாமே பூக்கும். முந்திவந்தது இனத்தின் குணமா, நல்ல சாடியா என்று பிரித்தறிய முடியாது. பெப்ரவரி கடைசியில் நிறைய விதை ஊன்றி, நீண்ட பகலிலும் பூத்து, அதுவும் கீழ்க்கணுவிலேயே பூத்த கொடியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் ஒகினாவாவில் பயிராகும் உரிசுன் இனம் கோடையிலும் காய்ப்பது இதே குணத்தால்தான்.

இரண்டு இனங்களைக் கலக்குபவர்கள் முதல் தலைமுறையிலேயே தேடி ஏமாறுகிறார்கள். அங்கே கொடிகள் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும். குணங்கள் பிரிவது இரண்டாம் தலைமுறையில், அதற்கு நாலைந்து சாடி போதாது. கலப்புக்காகத் தாய்ப்பூவின் மகரந்தப் பையை நீக்குவதும் பூ விரியும் முந்தின நாள் மாலையே, மொட்டாக இருக்கும்போது. காலையில் பூ விரியும்போது அது தன் மகரந்தத்தாலேயே சேர்க்கையை முடித்திருக்கும்.