கொன்றை என்று சொல்லி எதையாவது நடாதீர்கள்

மழைக்காலம் வந்தால் ஊருக்கு ஊர் மரம் நடும் குழுக்கள் கிளம்பிவிடுகின்றன. நல்லதுதான். தண்ணீர் விட மறப்பது, வேலி போடாமல் விடுவது போன்றவற்றை ஆடு வந்து சொல்லிக் கொடுத்துவிடும். நான் சொல்ல வந்தது வேறு சில தவறுகளை.

மஞ்சள் பூ என்றால் கொன்றைதான் என்று நினைப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். சரக்கொன்றை, ஆவாரை, மஞ்சக்கொன்றை எல்லாமே ஒரு காலத்தில் காசியா என்ற பேரினத்தில் இருந்தவை. 1982-இல் இர்வின், பார்னெபி என்ற தாவரவியலாளர்கள் அதைப் பிரித்தபோது ஆவாரையும் மஞ்சக்கொன்றையும் சென்னா என்ற இன்னொரு பேரினத்துக்குப் போயின. சரக்கொன்றை காசியாவிலேயே தங்கியது. நர்சரிப் பலகையில் மட்டும் இன்னமும் எல்லாம் காசியா.

ஒரு கிராமத்து இளைஞர்கள் ஏரிக்கரை நெடுக 'காசியா' கன்றுகளை நட்டார்கள். பூத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சரம் தொங்கவில்லை, கிளை நுனியில் கொத்துக் கொத்தாக நிமிர்ந்து நின்றது பூ. மஞ்சக்கொன்றை என்கிற சென்னா ஸ்பெக்டாபிலிஸ் அது. சரி, வெட்டிவிடலாம் என்று அரிவாளை எடுத்தார்கள். அடுத்த மழைக்கு ஒவ்வொரு அடிக்கட்டையிலும் புதர்போலத் தளிர்!

வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த மரம் இது. முதுமலை, சத்தியமங்கலம், வயநாடு காடுகளில் புகுந்து, தன் நிழலில் புல்லைக்கூட வளரவிடாமல் செய்கிறது. மேயும் விலங்குகளுக்குத் தீனி போய்விட்டது. வனத்துறை இப்போது அதை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறது. வெறுமனே வெட்டினால் மறுபடி தளிர்க்கும் என்பதால், வளர்ந்த மரமென்றால் அடியிலிருந்து மார்பளவு உயரம் வரை சுற்றிலும் பட்டையை உரித்து, நின்றபடியே காயவிட வேண்டும். நடுவே தளிர் வந்தால் கிள்ள வேண்டும். கன்றென்றால் வேரோடு பிடுங்கினால் வேலை முடிந்தது.

அதனால் வாங்கும்போதே நன்றாக விரிந்த ஓர் இலையைப் பாருங்கள். சரக்கொன்றையில் நாலு முதல் எட்டு ஜோடிச் சிற்றிலைகள். ஒவ்வொன்றும் அகலமாக, பளபளப்பாக இருக்கும். ஸ்பெக்டாபிலிஸில் பெரும்பாலும் பத்து ஜோடிக்கு மேல். குறுகலாக, அடிப்புறம் தடவினால் மெத்தென்று இருக்கும். நர்சரிக்காரர் என்ன சத்தியம் செய்தாலும் எண்ணிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கொன்றை விதையை அப்படியே புதைப்பது

மேல்தோல் கல். உப்புத்தாளில் ஒரு பக்கம் தேய்த்து, இரவு முழுக்க ஊறவைத்து நடுங்கள்.

ஆவாரைக்கு தினமும் தண்ணீர்

வேண்டாம்.

பொன்னாவரையை ஆவாரை என்று பறிப்பது

பூவை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். மேற்கு உத்தரப் பிரதேசத்தில் பொன்னாவரை விதையைத் தின்ற குழந்தைகள் ஈரலும் மூளையும் பாதித்து இறந்திருக்கிறார்கள். ஆவாரையில் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காதுமடல்போல அகலமான பச்சைச் செதில் இருக்கும். பொன்னாவரையில் அது கிடையாது. இலையைக் கசக்கினால் துர்நாற்றம் வேறு. அந்தச் செதில் கண்ணில் படாத செடியிலிருந்து ஒரு பூவைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.